கடன் கொடுப்பவரின் பழைய உத்தியோகம்

உலக வங்கியின் தலைவர்கள் அந்த நாற்காலிக்கு வருமுன் என்ன வேலை பார்த்தார்கள்? அரும்பாக்கத்து வீட்டுமனைக்கும், மதுரை மாவட்டத்துக் குழந்தையின் எடைக்கும், 1966-ல் சரிந்த ரூபாய்க்கும் அந்தக் கேள்வியோடு சம்பந்தம் இருக்கிறது.

1973 செப்டம்பர் 24. நைரோபி நகரின் கென்யாட்டா மாநாட்டு மையம். உலக வங்கியின் ஆண்டுக் கூட்டத்துக்காகவே வேலையை முடுக்கிக் கட்டிய புதுக் கட்டடம். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் நிதியமைச்சர்களும் மத்திய வங்கி ஆளுநர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மேடையேறியவர் விளிம்பில்லாத மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தார். தலைமுடியைப் பின்பக்கம் படிய வாரியிருந்தார். ராபர்ட் மெக்னமாரா. ஐந்தரை ஆண்டுகளுக்கு முன்புவரை அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சர். வியட்நாம் போருக்காக எந்த மனிதரை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் கோஷம் போட்டார்களோ, அதே மனிதர்.

அன்று அவர் ஏழைகளைப் பற்றிப் பேசினார். வளரும் நாடுகளின் 200 கோடி மக்களில் 80 கோடிப் பேர், நாளொன்றுக்கு 30 சென்ட் மதிப்புள்ள வருமானத்தில் உயிர் பிழைக்கிறார்கள் என்றார். பசி, எழுத்தறிவின்மை, அழுக்கு என்று அந்த வாழ்க்கையை விவரித்தார். சிறு விவசாயிகளின் விளைச்சல் 1985-க்குள் ஆண்டுக்கு 5 சதவீத வேகத்தில் பெருக வேண்டும் என்று இலக்கு வைத்தார். அணைக்கும் மின்நிலையத்துக்கும் ரயில்பாதைக்கும் கடன் கொடுப்பதே தன் வேலை என்றிருந்த ஒரு வங்கி, ஏழையின் குடிசையைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்ட நாள் அது.

அந்தப் பேச்சு முழுக்க எண்கள். எத்தனை பேர், எத்தனை சென்ட், எத்தனை சதவீதம், எந்த ஆண்டுக்குள். இப்படிப் பேச அவர் எங்கே கற்றார் என்று தேடிப் போனால், உலக வங்கியின் கதையே வேறு கோணத்தில் திறக்கிறது. 1946 முதல் இன்றுவரை 14 பேர் அந்த வங்கிக்குத் தலைமை தாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் பழைய வேலையைக் கூடவே கொண்டுவந்தார். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, எதை வெற்றி என்று சொல்வது எல்லாவற்றையும் அந்தப் பழைய வேலை முடிவு செய்தது. அதன் பலனை அனுபவித்தவர்கள், அந்தத் தலைவர்களின் பெயரைக்கூடக் கேள்விப்படாத மக்கள்.

எண்ணிப் பழகிய கை

மெக்னமாரா ஹார்வர்டு வணிகப் பள்ளியில் கணக்கியல் சொல்லிக்கொடுத்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படையின் புள்ளியியல் பிரிவில் சேர்ந்தார். எந்த விமானம் எத்தனை முறை பறந்தது, எவ்வளவு எரிபொருள் குடித்தது, குண்டுகள் எந்த அளவுக்கு இலக்கைத் தொட்டன என்று கணக்குப் போடுவது அங்கே வேலை. போர் முடிந்ததும் அந்தப் பிரிவின் இளைஞர் குழுவோடு சேர்ந்து ஃபோர்டு கார் நிறுவனத்துக்குப் போனார். 1960 நவம்பரில் அதன் தலைவரானார். சில வாரங்களில் கென்னடி அழைக்க, பாதுகாப்பு அமைச்சரானார். அங்கும் எண்கள்தான். வியட்நாமில் எதிரிகளின் பிணங்களை எண்ணி வெற்றியை அளந்த போர்முறை அவர் காலத்தியது.

1968 ஏப்ரலில் உலக வங்கிக்கு வந்தார். அப்போது வங்கி ஆண்டுக்குக் கொடுத்த கடன் சுமார் 100 கோடி டாலர். 1981-ல் அவர் விடைபெற்றபோது அது 1,200 கோடியைத் தாண்டியிருந்தது. எந்த நாட்டுக்கு எந்த ஆண்டில் எவ்வளவு என்று ஐந்தாண்டுத் திட்டம் போட்டார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் கிராமங்களையே காலிசெய்துகொண்டிருந்த ஆற்றுக்குருடு நோயை ஒழிக்க 1974-ல் தொடங்கிய திட்டத்துக்குத் தோள் கொடுத்தார். கார் கம்பெனி நடத்தியவரிடமிருந்து யாரும் எதிர்பார்த்திராத வேலை அது. இந்தத் திட்டம் ஒன்றுக்காகவே அவரை நன்றியோடு நினைக்கலாம் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டிலும் அவருடைய அளவுகோல் வந்து இறங்கியது. 1977-ல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டம் உலக வங்கிக் கடனில் நடந்தது. அதுவரை குடிசைகளை அகற்றி, அடுக்குமாடி கட்டிக்கொடுப்பதே அரசின் வழி. ஒரு வீட்டுக்கு இவ்வளவு செலவானால் நகரத்தின் மொத்த ஏழைகளுக்கும் கட்டி முடிக்க எத்தனை தலைமுறை ஆகும் என்ற கணக்கை வங்கி முன்வைத்தது. மனையும் தண்ணீரும் கழிவறையும் தெருவும் அரசு தரட்டும், வீட்டை மக்கள் தங்கள் கைக்கு ஏற்றபடி கட்டிக்கொள்ளட்டும் என்றது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூன்றிலும் மனைகள் பிரிக்கப்பட்டன. இன்று அந்தத் தெருக்களில் மாடிமேல் மாடியாக நிற்கும் பல வீடுகளின் அடியில் அப்படிப்பட்ட ஒரு சின்ன மனை இருக்கிறது.

1980-ல் வந்தது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். கிராமத்துப் பெண் ஒருவரே பணியாளர். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட வேண்டும். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு. தேறிவிட்டால் நிறுத்திவிட வேண்டும். யாருக்கு வேண்டுமோ அவருக்கு மட்டும், எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாள் மட்டும். கடுமையான ஊட்டக்குறைவு குறைந்ததை மதிப்பீடுகள் பதிவு செய்தன. வங்கி இன்றும் தன் நல்ல திட்டங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1982-ல், எம்.ஜி.ஆர். அரசு எடைபோடாமலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சத்துணவு என்று அறிவித்தது. பசித்தவனை அடையாளம் கண்டு கொடுப்பதா, பந்தியில் எல்லோரையும் உட்கார வைப்பதா? வாஷிங்டனில் கணக்குப் போட்டவரும் பசியைத் தன் பிள்ளைப்பருவத்தில் அறிந்த முதலமைச்சரும் இதற்கு ஒரே பதிலைச் சொல்லியிருக்க முடியாது. இரண்டு வழிகளுக்கும் தமிழ்நாடு இடம் கொடுத்தது நல்லதாயிற்று.

அந்த எண்ணும் கைக்கு ஒரு கெட்ட பக்கமும் இருந்தது. கடன் இலக்கை எட்ட வேண்டும் என்ற அழுத்தம் அலுவலர்கள்மீது விழுந்தது. திட்டத்துக்கு வாரியத்தில் ஒப்புதல் வாங்கினால் பதவி உயர்வு. அந்தத் திட்டம் கிராமத்தில் என்ன ஆயிற்று என்று பார்ப்பவருக்கு ஒன்றுமில்லை. வங்கியின் துணைத்தலைவராக இருந்த வில்லி வாபென்ஹான்ஸ் 1992-ல் கொடுத்த உள்ளறிக்கை இதைத்தான் ஒப்புதல் கலாச்சாரம் என்று சுட்டியது. 1991-ல் முடிந்த திட்டங்களில் 37.5 சதவீதம் திருப்திகரமாக இல்லை என்றது அந்த அறிக்கை. மெக்னமாரா போய்ப் பத்தாண்டுகளுக்குப் பிறகும் அவர் பழக்கிய பழக்கம் அந்தக் கட்டடத்தில் தங்கியிருந்தது.

பெட்டிச் செய்தி: 14 தலைவர்கள், வருமுன் பார்த்த வேலை

யூஜின் மேயர் (1946): வால் ஸ்ட்ரீட் முதலீட்டாளர், அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர், வாஷிங்டன் போஸ்ட் உரிமையாளர். ஆறே மாதத்தில் விலகினார்.
ஜான் மெக்ளாய் (1947–49): வழக்கறிஞர், போர்த்துறை உதவிச் செயலர்.
யூஜின் பிளாக் (1949–62): சேஸ் நேஷனல் வங்கி.
ஜார்ஜ் வுட்ஸ் (1963–68): ஃபர்ஸ்ட் பாஸ்டன் முதலீட்டு நிறுவனத் தலைவர்.
ராபர்ட் மெக்னமாரா (1968–81): ஃபோர்டு, பாதுகாப்பு அமைச்சர்.
ஆல்டன் கிளாசன் (1981–86): பேங்க் ஆஃப் அமெரிக்கா தலைவர்.
பார்பர் கோனபிள் (1986–91): 20 ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினர்.
லூயிஸ் பிரஸ்டன் (1991–95): ஜே.பி. மார்கன். பதவியிலேயே காலமானார்.
ஜேம்ஸ் வுல்ஃபென்சன் (1995–2005): முதலீட்டு வங்கியாளர்.
பால் வுல்ஃபோவிட்ஸ் (2005–07): பாதுகாப்புத் துணை அமைச்சர்.
ராபர்ட் ஸெல்லிக் (2007–12): வர்த்தகப் பிரதிநிதி, வெளியுறவுத் துணை அமைச்சர், கோல்ட்மேன் சாக்ஸ்.
ஜிம் யோங் கிம் (2012–19): மருத்துவர், மானிடவியலாளர், பல்கலைக்கழகத் தலைவர்.
டேவிட் மால்பாஸ் (2019–23): பேர் ஸ்டேர்ன்ஸ் பொருளாதார நிபுணர், அமெரிக்க நிதித்துறைச் சார்புச் செயலர்.
அஜய் பங்கா (2023 முதல்): நெஸ்லே, பெப்சிகோ, சிட்டி குழுமம், மாஸ்டர்கார்டு.

வங்கியாளர்கள் ஏன் முதலில் வந்தார்கள்?

1944-ல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் 44 நாடுகள் கூடி இந்த வங்கியை உருவாக்கின. 1946-ல் கதவு திறந்தது. உறுப்பு நாடுகள் போட்ட பணம் மட்டும் போதாது; சந்தையில் கடன்பத்திரம் விற்றுத்தான் பணம் திரட்ட வேண்டும். அன்றைக்கு அந்தப் பத்திரத்தை வாங்கும் அளவுக்குப் பணம் அமெரிக்கர்களிடம் மட்டுமே இருந்தது. அதனால் வால் ஸ்ட்ரீட் நம்புகிற முகம் தேவைப்பட்டது. மெக்ளாய் தலைமையில் 1947 மே மாதம் பிரான்சுக்கு 25 கோடி டாலர் முதல் கடன் போனது. ஜூலையில் அதே 25 கோடிக்குப் பத்திரங்கள் விற்றுத் தீர்ந்தன. அடுத்து வந்த பிளாக் 13 ஆண்டுகள் இருந்தார். வங்கியின் பத்திரங்களுக்கு 1959-ல் உச்சத் தரமதிப்பீடு கிடைத்தது. 1960-ல் நேருவும் அயூப் கானும் கராச்சியில் சிந்து நதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்குப் பின்னால் அவருடைய பல ஆண்டு மத்தியஸ்தம் இருந்தது.

ஜார்ஜ் வுட்ஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தியாவோடு அவருக்கு இருந்த உறவு ஆழமானது. கல்லூரிக்குப் போகாதவர், ஒரு முதலீட்டு நிறுவனத்தில் ஆபீஸ் பையனாகச் சேர்ந்து மேலே வந்தவர். உலக வங்கியின் பத்திரங்களை விற்றுத் தந்த நிறுவனங்களில் அவருடைய ஃபர்ஸ்ட் பாஸ்டனும் ஒன்று. உலக வங்கித் தலைவராகுமுன்பே, 1954-ல், இந்தியாவில் தனியார் தொழிலுக்கு நீண்டகாலக் கடன் தர ஒரு நிறுவனம் அமைக்க ஆலோசனை சொல்ல வந்தார். 1955-ல் ஐசிஐசிஐ பிறந்தது. அதன் முதல் தலைவர் நம் ஆற்காடு ராமசாமி முதலியார். அறுபது ஆண்டுகள் கழித்து, பிரிக்ஸ் நாடுகள் ஷாங்காயில் தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கிக்கு முதல் தலைவராகப் போன கே.வி. காமத், அதே ஐசிஐசிஐ-யில் வளர்ந்தவர்.

நல்ல நண்பராக வந்த அதே வுட்ஸின் காலத்தில்தான் இந்தியா பெரிய காயமும் பட்டது. 1964-65-ல் பெர்னார்டு பெல் தலைமையில் வந்த உலக வங்கிக் குழு, ரூபாயின் மதிப்பைக் குறைக்க வேண்டும், இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும், விவசாயத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்றது. நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி மதிப்புக் குறைப்பை எதிர்த்தார்; 1965 முடியும்போது அவர் பதவியில் இல்லை. 1966 ஜூன் 6 அன்று ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாயிற்று. பதிலுக்கு ஆண்டுக்கு 90 கோடி டாலர் உதவி வரும் என்ற எதிர்பார்ப்பு கொடுக்கப்பட்டிருந்தது. அது தொடர்ந்து வரவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் பேரம் முடித்துப் பழகிய முதலீட்டு வங்கியாளருக்கு அது ஒரு ஒப்பந்தம். தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்த ஒரு அரசுக்கு, இரண்டு வருட வறட்சியில் தவித்த ஒரு நாட்டுக்கு, அது மானப் பிரச்சினை. வெளியார் பேச்சைக் கேட்டு நாணயத்தைக் குறைத்தோம் என்ற கசப்பு டெல்லியில் நெடுங்காலம் ஆறவில்லை.

வசூலிக்கப் பழகியவர், ஓட்டுக் கேட்கப் பழகியவர்

கிளாசன் 1949-ல் பேங்க் ஆஃப் அமெரிக்காவில் சேர்ந்து படிப்படியாக உச்சிக்குப் போனவர். 1981 ஜூலையில் அவர் உலக வங்கிக்கு வந்த அடுத்த ஆண்டே மெக்சிகோ தன் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. லத்தீன் அமெரிக்காவுக்கு அள்ளிக் கொடுத்திருந்த தனியார் வங்கிகளில் அவர் விட்டுவந்த வங்கியும் ஒன்று. கடன்பட்ட நாடு செலவைச் சுருக்க வேண்டும், மானியத்தை வெட்ட வேண்டும், சந்தையைத் திறக்க வேண்டும், பிறகே புதுக் கடன் என்பது அக்காலத்து நடைமுறையாயிற்று. கட்டமைப்புச் சீரமைப்புக் கடன் மெக்னமாராவின் கடைசி நாட்களிலேயே தொடங்கியதுதான். ஆனால் அது பெருகியது எண்பதுகளில்.

தலைவர் மாறியதும் பக்கத்தில் இருந்தவர்களும் மாறினார்கள். வறுமையைக் குறைத்துக்கொண்டே வளர்வது எப்படி என்று ஆராய்ந்த தலைமைப் பொருளாதார நிபுணர் ஹாலிஸ் செனரி போனார். சந்தையில் நம்பிக்கை கொண்ட ஆன் குரூகர் வந்தார். மெக்னமாராவின் பேச்சுகளுக்குப் பின்னால் இருந்த பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் 1982-ல் வங்கியை விட்டுப் போய், தன் நாட்டில் அமைச்சரானார். பிறகு 1990-ல் ஐ.நா.வில் மனித மேம்பாட்டு அறிக்கையைத் தொடங்கிவைத்தார். ஆயுளும் கல்வியும் வருமானமும் சேர்ந்ததே வளர்ச்சி என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசுகிறோமே, அந்த அளவுகோல் உலக வங்கிக்கு வெளியேதான் உருவாக வேண்டியிருந்தது.

1987-ல் வங்கி வெளியிட்ட ஒரு கொள்கை அறிக்கை, அரசு மருத்துவமனைகளில் நோயாளியிடம் கட்டணம் வாங்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆப்பிரிக்க நாடுகள் பல அதைப் பின்பற்றின. கையில் காசில்லாத தாய் மருத்துவமனை வாசலிலிருந்து திரும்பினாள். இந்த ஒரு பரிந்துரைக்கு எவ்வளவு கோபப்பட்டாலும் தகும்.

கோனபிள் வேறு வகை. வங்கியே தெரியாத அரசியல்வாதி. இருபது ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்தவர். மக்கள் கூட்டமாக வந்து கேள்வி கேட்டால் காது கொடுக்க வேண்டும் என்பது ஓட்டுக் கேட்டுப் பழகியவருக்கு இயல்பாக வரும். 1987-ல் வங்கிக்கு முதன்முறையாகத் தனிச் சுற்றுச்சூழல் துறை அமைத்தார். நர்மதைமீது சர்தார் சரோவர் அணை கட்ட 1985-ல் வங்கி 45 கோடி டாலர் ஒப்புக்கொண்டிருந்தது. வீடும் நிலமும் இழப்போரின் போராட்டம் வலுத்தது. 1989-ல் மேதா பட்கர் வாஷிங்டனுக்கே போய் அமெரிக்க நாடாளுமன்றக் குழுமுன் சாட்சி சொன்னார். வங்கி தன் வரலாற்றில் முதல்முறையாக வெளியாரைக் கொண்டு தன் திட்டம் ஒன்றை ஆராய 1991-ல் ஒப்புக்கொண்டது. அதற்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிராட்ஃபோர்டு மோர்ஸ், கோனபிளோடு ஒரே சபையில் உட்கார்ந்தவர். 1992-ல் அவர் தந்த அறிக்கை வங்கியைக் கடுமையாகக் குற்றம் சாட்டியது. 1993 மார்ச்சில் இந்தியா மீதிக் கடன் வேண்டாம் என்றது. அதே ஆண்டு, பாதிக்கப்பட்ட மக்கள் நேரடியாக வங்கிமீது புகார் கொடுக்க ஆய்வுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நர்மதைப் பழங்குடிகளின் கண்ணீருக்கு அது ஈடாகாது. ஆனால் உலகின் எந்த மூலையில் இன்று ஒரு கிராமம் உலக வங்கியின்மீது புகார் எழுதினாலும், அந்த உரிமை நர்மதைக் கரையில் கிடைத்தது.

பெட்டிச் செய்தி: தேர்வு நடப்பது எப்படி?

உறுப்பு நாடுகள் 189. முடிவெடுப்பது 25 நிர்வாக இயக்குநர்கள். பதவிக்காலம் ஐந்து ஆண்டு, நீட்டிக்கலாம். அமெரிக்காவின் வாக்கு வலு சுமார் 16 சதவீதம். வங்கியின் அடிப்படை விதிகளைத் திருத்த 85 சதவீதம் வேண்டும் என்பதால் அமெரிக்கா இல்லாமல் எந்தத் திருத்தமும் நகராது. உலக வங்கிக்கு அமெரிக்கர், பன்னாட்டு நிதியத்துக்கு ஐரோப்பியர் என்பது எழுதப்படாத உடன்பாடு. ஒன்றுக்கு மேற்பட்டோர் களத்தில் நின்று போட்டி நடந்தது ஒரே முறை, 2012-ல். 2019-லும் 2023-லும் ஒரே வேட்பாளர். இந்தியா, வங்கதேசம், இலங்கை, பூட்டான் நான்குக்கும் சேர்த்து ஒரே இயக்குநர்.

கேட்கத் தெரிந்தவரும் வைத்தியம் தெரிந்தவரும்

வுல்ஃபென்சன் சிட்னியில் பிறந்தவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்காக வாள்வீச்சில் இறங்கியவர். நாற்பது வயதுக்குமேல் செல்லோ வாத்தியம் கற்றார். நியூயார்க்கின் கார்னகி ஹாலுக்குத் தலைவராக இருந்து அந்த அரங்கைப் புதுப்பிக்க நிதி திரட்டினார். தொழிலால் வங்கியாளர்தான், ஆனால் பல உலகங்களில் புழங்கியவர். அது வேலையில் தெரிந்தது. ஊழல் என்ற சொல்லை அரசியல் என்று ஒதுக்கிவைத்திருந்த வங்கியில், 1996 ஆண்டுக் கூட்டத்தில் அதைப் புற்றுநோய் என்று பகிரங்கமாகச் சொன்னார். கடனில் மூழ்கிய ஏழை நாடுகளுக்குக் கடன் தள்ளுபடித் திட்டம் அதே ஆண்டு தொடங்கியது. தீபா நாராயண் தலைமையில் 60 நாடுகளில் 60,000 ஏழைகளிடம் வறுமை என்றால் என்ன என்று கேட்டுத் தொகுத்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது. ஏழை என்பவர் எண்ணப்பட வேண்டியவர் மட்டுமல்ல, பேச விடப்பட வேண்டியவரும்கூட என்று வங்கி ஏற்றுக்கொண்ட காலம் அது.

அவருக்குப்பின் இராக் போரை வகுத்தவர்களில் ஒருவரான வுல்ஃபோவிட்ஸ் வந்தார். ஊழல் ஒழிப்பையே கொடியாகப் பிடித்தார். பல நாடுகளின் கடன்களை நிறுத்திவைத்தார். வங்கியிலேயே பணிபுரிந்த தன் துணைவியின் சம்பள உயர்வு விவகாரத்தில் சிக்கி 2007-ல் விலகினார். பிறரிடம் கேட்கும் நேர்மையைத் தன்னிடமும் காட்ட வேண்டிய பதவி அது.

2012-ல் வந்த ஜிம் யோங் கிம் இந்த வரிசையிலேயே தனித்து நிற்பவர். சியோலில் பிறந்து, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வளர்ந்தார். பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பை 1987-ல் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கி, ஹைட்டியிலும் பெருவிலும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். மருந்துக்கு அடங்காத காசநோயை ஏழை நாட்டில் குணப்படுத்த முடியாது என்று நிபுணர்கள் சொன்னபோது, லிமாவின் சேரிகளில் செய்து காட்டினார்கள். உலக வங்கி போன்றவை திணித்த பொருளாதாரக் கொள்கை ஏழைகளின் உயிரை எப்படிக் குடிக்கிறது என்று பேசும் நூல் ஒன்றை 2000-ல் தொகுத்தவர்களில் அவரும் ஒருவர். அவரே அங்கே தலைவரானார்.

2014 ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது வங்கி 20 கோடி டாலர் அறிவித்தது. நோய் மூன்று நாட்டு எல்லைகளைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, தொற்றைப் புரிந்த ஒருவர் பணப்பெட்டியின் அருகில் இருந்தது பெரிய பேறு. ஆனால் அடுத்த நெருக்கடிக்கு அவர் தேர்ந்த கருவி சந்தையிலிருந்து வந்தது. 2017-ல் பெருந்தொற்றுப் பத்திரங்கள் விற்கப்பட்டன. நோய் வந்தால் முதலீட்டாளர் பணத்தை இழப்பார், அது ஏழை நாடுகளுக்குப் போகும். நிபந்தனைகள் சிக்கலாக இருந்ததால், கொரோனா உலகைச் சுற்றி வந்த பிறகு, 2020 ஏப்ரலில்தான் பணம் விடுவிக்கப்பட்டது. மருத்துவர் தலைவராக இருந்தாலும் அந்தக் கட்டடத்தின் பழைய மொழி நிதிச்சந்தையின் மொழிதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை. கிம் பதவிக்காலம் முடியுமுன்பே 2019-ல் விலகி ஒரு கட்டமைப்பு முதலீட்டு நிறுவனத்துக்குப் போனார்.

மால்பாஸ் காலத்தில் நடந்தது நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் ஒரு மேடையில், எரிபொருள் புகைதான் பூமியைச் சூடாக்குகிறதா என்று கேட்டதற்கு, தான் விஞ்ஞானி இல்லை என்றார். கடல் மட்டம் ஏறி மூழ்கும் நாடுகள் கடன் கேட்டு நிற்கும் வாசல் அது. அடுத்த ஆண்டே அவர் பதவி முடிந்தது.

கிர்கியில் பிறந்தவர்

அஜய் பங்கா புனே அருகே கிர்கியில் 1959-ல் ஒரு ராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்தார். ஊர் ஊராக மாறிப் படித்தார். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ், அகமதாபாத் ஐஐஎம். 1981-ல் நெஸ்லேயில் சேர்ந்தார். பெப்சிகோ, சிட்டி குழுமம் வழியாக மாஸ்டர்கார்டுக்குப் போய், 2010 முதல் 2020 வரை அதன் தலைமை நிர்வாகி. வங்கிக் கணக்கே இல்லாத 50 கோடிப் பேரை 2020-க்குள் மின்னணுப் பணப் பரிமாற்றத்துக்குள் கொண்டுவருவதாக அந்த நிறுவனம் உறுதி சொல்லியிருந்தது.

அந்தக் கம்பெனிப் பழக்கம் இப்போது வங்கியில் வேகமாகப் பாய்கிறது. ஒரு திட்டம் ஒப்புதல் பெறச் சராசரியாக 19 மாதம் ஆனதைக் குறைப்பதே முதல் வேலை என்றார். முதலில் 16 மாதமாக இறங்கியது. 150 அளவீடுகள் இருந்த மதிப்பெண் பட்டியலை 22 ஆக்கினார். 2030-க்குள் ஆப்பிரிக்காவில் 30 கோடிப் பேருக்கு மின்சாரம் என்று ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியோடு சேர்ந்து இலக்கு வைத்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வளரும் நாடுகளில் 120 கோடி இளைஞர்கள் வேலை தேடும் வயதுக்கு வருகிறார்கள், கண்ணுக்குத் தெரியும் வேலையோ 42 கோடிதான் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறார். இந்தியக் குடும்பங்கள் இரவில் பேசும் கவலை அது. அதைத் தன் முதல் பிரச்சினையாக எடுத்துக்கொண்ட தலைவரை மனதார வரவேற்க வேண்டும்.

அச்சமும் இருக்கிறது. ஒப்புதலுக்கு ஆகும் மாதங்களைக் குறைப்பதில், வீடு இழக்கப்போகும் மக்களிடம் பேச எடுத்துக்கொள்ளும் மாதங்களும் சேர்ந்து குறையுமா? நர்மதையில் நடந்ததை அறிந்த நாம் கேட்காமல் யார் கேட்பது? தனியார் முதலீட்டை ஈர்ப்பதே வழி என்பவருக்கு, லாபம் வராத சிற்றூர் ஆரம்பப் பள்ளி எங்கே இடம்பெறும்? பிறந்த ஊரை வைத்து மகிழ்ந்துவிட்டு இந்தக் கேள்விகளை விட்டுவிடக் கூடாது. அவரை முன்மொழிந்தது இந்தியா அல்ல, அமெரிக்கா.

இரண்டாம் வரிசையில் இருக்கிற அனுபவம்

பதினான்கு பேரில் ஒருவர்கூட, கடன் வாங்கும் நாட்டின் அமைச்சகத்தில் உட்கார்ந்து, வங்கியின் நிபந்தனைகளைத் தன் மக்களிடம் போய் விளக்க வேண்டிய நிலையில் இருந்தவர் இல்லை. அந்த அனுபவம் உள்ளவர்கள் வங்கியில் இல்லாமல் இல்லை. ஒரு படி கீழே இருந்தார்கள்.

ங்கோசி ஒகோன்ஜோ-இவேலா 1982-ல் இளம் அலுவலராகச் சேர்ந்து, நைஜீரியாவின் நிதியமைச்சராகி, திரும்பிவந்து 2007 முதல் 2011 வரை மேலாண்மை இயக்குநராக இருந்தார். இந்தோனேசியாவின் ஸ்ரீ முல்யானி இந்திராவதி நிதியமைச்சராக இருந்துவிட்டு 2010-ல் அதே பதவிக்கு வந்தார். 2016-ல் மீண்டும் தன் நாட்டு நிதியமைச்சரானார். தென்னாப்பிரிக்காவின் மம்ஃபெலா ராம்ஃபெலே மருத்துவர். நிறவெறி அரசால் 1977-ல் ஊர்விலக்கப்பட்டு, அனுப்பப்பட்ட ஊரிலேயே ஏழைகளுக்கு மருத்துவமனை நடத்தியவர். 2000-ல் அவரும் மேலாண்மை இயக்குநரானார். பாரத ஸ்டேட் வங்கியில் பயிற்சி அதிகாரியாகத் தொடங்கிய அன்ஷுலா காந்த் 2019-ல் வங்கியின் நிதித் தலைமையை ஏற்றார். உத்தரப் பிரதேச ஐஏஎஸ் அதிகாரியாக இருந்து, உலக வங்கியில் தண்ணீர் நிபுணராகி, பிறகு தூய்மை இந்தியா திட்டத்தை நடத்திய பரமேஸ்வரன் ஐயர், 2023-ல் இந்தியாவின் நிர்வாக இயக்குநராக வாஷிங்டன் போனார். இவர்களில் யாரும் கடன் மேசையின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தவர்கள் இல்லை.

கடன் வாங்கிய பக்கத்து அனுபவம் மேலே வந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று பக்கத்திலேயே உண்டு. ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கிக்கு 2015-ல் தலைவரான அகின்வுமி அடெசினா, நைஜீரியாவின் விவசாய அமைச்சராக இருந்தவர். உரமானியம் இடைத்தரகர் கையில் சிக்காமல் விவசாயியின் கைபேசிக்கே போக வழி செய்தவர். வங்கியின் ஐந்து முதன்மை இலக்குகளில் ஆப்பிரிக்காவுக்கு உணவு என்பதை ஒன்றாக்கினார். மணிலாவிலுள்ள ஆசிய வளர்ச்சி வங்கி இதற்கு நேர்மாறு: 1966 முதல் இன்றுவரை தலைவர்கள் எல்லோரும் ஜப்பானியர்கள், பெரும்பாலும் டோக்கியோ நிதி அமைச்சகத்து அதிகாரிகள். 2025-ல் வந்த மசாதோ காந்தாவும் அப்படியே. பெய்ஜிங்கின் ஆசியக் கட்டமைப்பு முதலீட்டு வங்கியை 2016 முதல் பத்தாண்டு நடத்திய ஜின் லிசுன், கலாச்சாரப் புரட்சியின்போது கிராமத்துக்கு அனுப்பப்பட்டவர். பிறகு உலக வங்கியிலும் ஆசிய வளர்ச்சி வங்கியிலும் பணியாற்றியவர்.

2012-ல் நடந்த அந்த ஒரே போட்டியில் ஒகோன்ஜோ-இவேலாவை முன்மொழிந்தவை நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, அங்கோலா. கொலம்பியாவின் முன்னாள் நிதியமைச்சர் ஹோசே அந்தோனியோ ஒகாம்போவும் களத்தில் இருந்தார். தோற்பார்கள் என்று தெரிந்தே நிறுத்தினார்கள். அதனால் கிம் தன் கொள்கையை நாடு நாடாகப் போய் விளக்க வேண்டியிருந்தது. ஒகோன்ஜோ-இவேலா 2021-ல் உலக வர்த்தக அமைப்பின் தலைவரானார். பங்காவின் ஐந்தாண்டு 2028 ஜூனில் முடிகிறது. வேட்பாளரை முன்மொழியும் உரிமை இந்தியா, இலங்கை, வங்கதேசம், பூட்டான் நான்குக்கும் பேசும் அந்த ஒற்றை நாற்காலிக்கும் உண்டு. இலங்கை 2022-ல் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு; இந்தியா பல பத்தாண்டுகள் வங்கியின் மிகப் பெரிய கடனாளிகளில் ஒன்றாக இருந்த நாடு. கடன் கேட்டு நின்ற அனுபவமுள்ள ஒருவரின் பெயரை அந்த நாற்காலி 2028-ல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான பேச்சை டெல்லியும் கொழும்பும் இப்போதே தொடங்கலாம்.